பலிச் சோறும் ரத்தப் பொரியலும்

பெங்களூரின் மல்லேஸ்வரம், 1898-ஆம் ஆண்டு அந்நகரைப் பீடித்த பிளேக் நோய்க்கு அஞ்சிய மக்கள், நெருக்கம் மிகுந்த பழைய பேட்டையை விட்டுக் காற்றும் வெளிச்சமும் நாடிக் குடியேறிய பகுதி. ஆயினும் அதற்குப் பெயர் தந்த காடு மல்லேஸ்வரர் ஆலயம் அதனினும் மிகப் பழையது. சிவாஜியின் சகோதரரும், பின்னாளில் தஞ்சையில் மராத்திய அரசை நிறுவியவருமான ஏகோஜி, 1669-இல் மேதரநிங்கனஹள்ளி என்னும் கிராமத்தை அவ்வாலயத்துக்கு மானியமாக விட்டதைச் சாசனம் கூறுகிறது. அதன் எதிரிலேயே கங்கம்மாவின் கோயில் இருக்கிறது. வில்வமும் விபூதியுமாக ஒருபுறம் ஆகம தெய்வம். மறுபுறம், தென்னாட்டுக் கிராம தேவதைகளின் மரபில் வந்த அம்மன்.

ஆசாரசீலர்கள் மிகுந்து வாழும் இவ்விடத்தில் ஆயுத பூஜையன்று தெருவில் நிற்பவர் காண்பது இது: பூசணிக்காயின் மேற்புறத்தில் துளையிட்டு, உள்ளே குங்குமத்தைக் கொட்டிக் குழைத்து, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, வண்டிக்கு முன்னே ஓங்கி உடைக்கிறார்கள். சதையும் விதையும் செந்நிறமாய்ச் சிதறுகின்றன. புலால் உண்ணாத இல்லங்களிலும் இதைச் செய்கிறார்கள். மணமக்களுக்கு ஆலத்தி சுற்றுகையில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் நீரில் கரைத்துச் சிவக்க வைக்கிறோமே, அதே கலவையைத்தான் கேரளத்துச் சோட்டானிக்கரைக் கீழ்க்காவில் பகவதிக்குக் குருதி என்றே சொல்லி அர்ப்பணிக்கிறார்கள். கொலையைத் துறந்த ஆசாரம், குருதியின் நிறத்தைத் துறக்கவில்லை.

அந்த நிறத்துக்கு முன்னால் இருந்த மெய்யான குருதியைப் பழந்தமிழ் இலக்கியம் மறைக்காமல் சொல்கிறது. முருகனுக்குக் குறமகள் எடுக்கும் வெறியாட்டு விழாவில், கொழுத்த கிடாயின் குருதியைத் தூய வெள்ளரிசியோடு பிசைந்து பலியாக இடுவதைத் திருமுருகாற்றுப்படை வருணிக்கிறது. அந்நூலையே சைவர்கள் பதினோராம் திருமுறையில் வைத்துப் பாராயணம் செய்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, நம் முன்னோர் தம் சமயத்தின் எப்பகுதியையும் வெட்கத்துக்குரியதாகக் கருதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. சென்னையில் பிஷப்பாக இருந்த ஹென்றி வைட்ஹெட், தென்னிந்திய கிராம தேவதைகளைப் பற்றி 1916-இல் வெளியிட்ட நூலில், பலியின் குருதியைச் சோற்றோடு கலந்து ஊரெல்லையில் இறைக்கும் வழக்கத்தை எழுதியிருக்கிறார். திருச்சிராப்பள்ளி புத்தூரில் குழுமாயி அம்மனுக்கு ஆண்டுதோறும் நடக்கும் குட்டி குடித்தல் திருவிழாவிலோ, அம்மன் அருள் வந்து ஆடும் மருளாளியே ஆட்டுக்குட்டிகளின் குருதியைக் குடிக்கிறார்.

தேவதைக்கு உகந்ததை மனிதன் உண்ணலாமா என்ற வினாவுக்கு உலகத்துச் சமயங்கள் ஒன்றுக்கொன்று எதிரான விடைகளை அளித்திருக்கின்றன. எனினும் பிராணன் குருதியில் உறைகிறது என்ற ஒரே நம்பிக்கையிலிருந்தே அவ்விடைகள் பெரிதும் பிறந்தன. பிராணன் படைத்தவனுக்கே உரியது என்று யூதர்களின் லேவியராகமம் குருதி உண்பதை விலக்கியது. அதனால்தான் அவர்கள் இறைச்சியை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, பின்பு ஒருமணி நேரம் உப்பிலிட்டுக் குருதியை வடிக்கிறார்கள். வழிந்தோடும் ரத்தத்தைக் குர்ஆனும் தடுக்கிறது. ஈரலும் மண்ணீரலும் மட்டும் நபிமொழியால் அனுமதிக்கப்பட்டவை. ஆதிக் கிறிஸ்தவர்களுக்கும் எருசலேம் சங்கம் அவ்விலக்கையே விதித்தது. நான்காம் நூற்றாண்டு முடியும் காலத்தை ஒட்டியே, அதை ஒருவரும் அனுசரிப்பதில்லை என்று திருச்சபைத் தந்தை அகஸ்டின் எழுதிவிட்டார். கோவாக் கத்தோலிக்கர் கிறிஸ்துமஸுக்குப் பன்றியின் இறைச்சியோடும் ஈரலோடும் ரத்தத்தையும் சேர்த்துச் சமைக்கும் சொர்ப்பொத்தெல், மேலைக் கிறிஸ்தவத்தில் அவ்விலக்கு வழக்கொழிந்ததற்கு நம் நாட்டிலேயே உள்ள சாட்சி. ஆப்பிரிக்காவின் மசாய் மக்களோ மாட்டைக் கொல்லாமலே கழுத்து நரம்பில் சிறு அம்பெய்து, வடியும் குருதியைப் பாலில் கலந்து பருகுகிறார்கள்.

தமிழ்நாட்டில் ரத்தப் பொரியல் என்னும் உணவு, இத்தர்க்கங்கள் எதையும் அறியாமல், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அடுப்பேறுகிறது. ஆட்டை அறுக்கும்போது கழுத்தின் கீழ், உப்பு நீர் சிறிது விட்ட பாத்திரத்தில் பிடித்த ரத்தம் விரைவிலேயே கட்டியாக உறைந்துவிடும். அதைக் கொதிநீரில் இட்டால் செம்மை மாறிக் கரும்பழுப்பாகி ஈரல் போல இறுகும். ஆறியபின் கையால் உதிர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த எண்ணெயில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்கியதும் அதைக் கொட்டிக் கிளறி, இறக்கும்போது தேங்காய்த் துருவல் தூவுகிறார்கள். வெங்காயத்தில் கஞ்சம் பிடித்தால் வாடை போகாது. சோகை பிடித்த பெண்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இதை ஊட்டிய மூதாட்டியரின் அனுபவம் மெய்யே. ரத்தத்திலுள்ள இரும்புச்சத்து, கீரையிலுள்ளதைவிட எளிதில் உடலில் சேர்கிறது. இறைச்சி வாங்கப் பணமில்லாதவன் வீட்டிலும் ரத்தம் வாங்க அற்பக் காசு இருந்தது.

அந்த மலிவே அதற்கு இழிவையும் தேடித் தந்தது. சட்டங்களும் வந்தன: ஆலயங்களில் உயிர்ப்பலியைத் தடுக்கச் சென்னை மாநிலம் 1950-லும், இன்று கர்நாடகம் எனப்படும் மைசூர் மாநிலம் 1959-லும் சட்டம் இயற்றின. முன்னதைத் தமிழக அரசு 2003-இல் கண்டிப்பாகச் செயல்படுத்த முற்பட்டு, மறு ஆண்டே ரத்து செய்தது. உயிர்க்கொலை வேண்டாம் என்பாரின் கருணையை நான் மதிக்கிறேன். ஆனால் குங்குமம் நிறைத்த பூசணியைப் பக்தியோடு உடைக்கும் கை, குலதெய்வத்தின் முன் வைத்துப் பகிர்ந்துண்ணும் ஏழையின் பொரியலை அருவருப்போடு ஒதுக்குமானால், அதைக் கருணையென்று ஒப்ப என்னால் இயலாது. இரண்டும் ஒரே வேரின் கிளைகள்.

மராத்வாடாவின் மகார், மாங் சமூகத்தாரின் சமையலை, ரத்தத்தைச் சமைக்கும் முறையையும் விடாமல், சாஹு பட்டோளே 2015-இல் மராத்தியில் ஒரு நூலாக எழுதிவைத்தார். நம்மவர் கைப்பக்குவமும் அவ்வாறே எழுதப்பட வேண்டும். எந்த ஊரில் தேங்காய், எங்கே மிளகும் சீரகமும், எந்தத் தெய்வத்துக்கு முதல் பிடி என்பதெல்லாம், இன்றும் சமைத்துக்கொண்டிருக்கும் பெண்களிடம் நேரே கேட்டுக் குறித்துக்கொள்ளக் கூடியவையே.