ஹார்டு டிஸ்க் வாங்கப் போறீங்களா? பில் போடும் முன் இதையெல்லாம் பாருங்க! திருத்தணிவாசிகளுக்கான முழு விளக்கம்

முகூர்த்த நாட்களில் திருத்தணி மலையடிவாரத்தில் நடக்கவே இடம் இருக்காது. கல்யாண வீடியோ எடுப்பவர்கள், ஆல்பம் போடும் ஸ்டூடியோக்கள், சான்றிதழ் விண்ணப்பிக்கும் இ-சேவை மையங்கள், ஜெராக்ஸ் கடைகள், கேமரா மாட்டிய லாட்ஜுகள் என இந்த ஊர் கம்ப்யூட்டர்களில் தினமும் ஏறும் டேட்டா கொஞ்சநஞ்சம் இல்லை. வீட்டு டெஸ்க்டாப்பும் அப்படித்தான். பிள்ளைகளின் பாடம், குடும்ப போட்டோ, செல்போனில் இருந்து இறக்கி வைத்த வீடியோ என்று பழைய 500 ஜிபி டிஸ்க் எப்போதோ நிரம்பியிருக்கும்.

அடுத்து என்ன? கடைக்குப் போய் "ஒரு டிபி ஹார்டு டிஸ்க் கொடுங்க" என்று கேட்போம். கடைக்காரரும் கையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார். ஆனால் டிஸ்க் போனால் வேறு டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் இருந்த கல்யாண வீடியோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதனால் பணம் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்? விரிவாகப் பார்ப்போம்.

வேகம் வேணுமா, இடம் வேணுமா?

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். ஹார்டு டிஸ்க் என்பது உள்ளே தட்டு சுற்றும் பொருள். டெஸ்க்டாப்புக்கான டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். அதன் வேகம் நொடிக்கு சுமார் 150 முதல் 200 எம்பி. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே கிடையாது. சாட்டா கேபிளில் மாட்டும் எஸ்.எஸ்.டி. நொடிக்கு சுமார் 550 எம்பி வரை தரும். மதர்போர்டில் நேரடியாகச் செருகும் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. அதையும் பல மடங்கு தாண்டும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகவே 5 நிமிஷம் ஆகுதா? உங்களுக்குத் தேவை எஸ்.எஸ்.டி. 250 அல்லது 500 ஜிபி வாங்கி விண்டோஸை அதில் போட்டாலே பழைய கம்ப்யூட்டர் புதுசு மாதிரி ஓடும். கம்ப்யூட்டர் நல்லா ஓடுது, இடம்தான் இல்லை என்றால் ஹார்டு டிஸ்க் போதும். ஒரு ஜிபிக்கு ஆகும் செலவில் இன்றும் அதுதான் மலிவு. ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்தால்தான் சரிப்படும். எடிட்டிங் எஸ்.எஸ்.டி.யில், முடிந்த வேலை ஹார்டு டிஸ்க்கில்.

உங்க கம்ப்யூட்டருக்குப் பொருந்துமா?

டெஸ்க்டாப்புக்கான ஹார்டு டிஸ்க் 3.5 இன்ச். 2.5 இன்ச் என்பது லேப்டாப் அளவு. வாங்கப் போகும் முன் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் போட்டோவில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

• டிஸ்க் வைக்கும் தட்டில் காலி இடம் இருக்கிறதா?
• மதர்போர்டில் சாட்டா போர்ட் காலியாக இருக்கிறதா?
• பவர் சப்ளையில் இருந்து வரும் சாட்டா பவர் கனெக்டர் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா?

கடையில் தனியாக விற்கும் டிஸ்க்குகளோடு பெரும்பாலும் கேபிளும் ஸ்க்ரூவும் வராது. சாட்டா டேட்டா கேபிள் ஒன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அதற்காகவே இன்னொரு தடவை கடைக்கு அலைய வேண்டியிருக்கும்.

என்.வி.எம்.இ. வாங்குவதாக இருந்தால் மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் இருக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முந்தைய பல போர்டுகளில் அது இருக்காது. சில எம்.2 ஸ்லாட்டுகள் சாட்டா வகையை மட்டும்தான் ஏற்கும். போர்டின் மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு போனால் கடையிலேயே சரிபார்த்துவிடலாம்.

நீலம், ஊதா, சிவப்பு... எல்லாம் ஒன்னுதானா?

இல்லை. உலகத்தில் இன்று ஹார்டு டிஸ்க் தயாரிப்பவை மூன்றே நிறுவனங்கள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மூன்றுமே வேலைக்கு ஏற்ப தனித்தனி வரிசை வைத்திருக்கின்றன.

• டெஸ்க்டாப்புக்கு: வெஸ்டர்ன் டிஜிட்டல் புளூ, சீகேட் பாரகுடா, தோஷிபா பி300
• சிசிடிவி ரெக்கார்டருக்கு: வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்பிள், சீகேட் ஸ்கைஹாக், தோஷிபா எஸ்300
• பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஸ்டோரேஜ் பெட்டிக்கு: வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட், சீகேட் அயர்ன்வுல்ஃப், தோஷிபா என்300

சிசிடிவி டிஸ்க் 24 மணி நேரமும் எழுதிக்கொண்டே இருப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. அதை டெஸ்க்டாப்பில் மாட்டினாலும் ஓடும். ஆனால் அது அந்த வேலைக்கான பொருள் இல்லை. லாட்ஜ் கேமராவுக்கு டெஸ்க்டாப் டிஸ்க் மாட்டுவதும் அதே தப்புதான்.

லேபிளில் தெரியாத இன்னொரு வித்தியாசமும் உண்டு: சி.எம்.ஆர்., எஸ்.எம்.ஆர். என்ற இரண்டு பதிவு முறைகள். எஸ்.எம்.ஆர். டிஸ்க்கில் டேட்டா வரிசைகள், கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் ஓரத்தில் இன்னொன்று ஏறி இருக்கும். அதனால் அதே தட்டில் அதிக டேட்டா அடங்கும். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற, பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? அதேபோல பழைய பைலை அழித்து அழித்து எழுதும்போது வேகம் படுத்துவிடும். 2020ஆம் ஆண்டில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தனது ரெட் வரிசையின் சில மாடல்களில் எஸ்.எம்.ஆர். இருப்பதை வெளிப்படையாகச் சொல்லவில்லை என்று பெரிய சர்ச்சையே ஆனது. இப்போது எந்த மாடல் எந்த வகை என்பதை நிறுவனங்களின் இணையதளத்திலேயே பார்க்கலாம். போட்டோ, சினிமா சேமித்து வைக்க எஸ்.எம்.ஆர். போதும். எடிட்டிங், தினசரி வேலை என்றால் சி.எம்.ஆர். கேட்டு வாங்குங்கள்.

1 டிபி வாங்கினால் 931 ஜிபிதான் காட்டுதே?

யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1 ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024 பெருக்கல் கணக்கில் எண்ணுகிறது. அதனால்தான் 1 டிபி, திரையில் 931 ஜிபியாகத் தெரிகிறது. 2 டிபி வாங்கினால் சுமார் 1.81 டிபி காட்டும்.

உஷார்! புதுசு என்ற பெயரில் பழசு

இங்கேதான் கவனம் அதிகம் தேவை. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் ஒரு மோசடி வெளியே வந்தது. புதுசு என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல, ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை என்று தெரியவந்தது. ஓடிய நேரக் கணக்கைப் பூஜ்யமாக்கி, புது டிஸ்க் போல விற்றிருக்கிறார்கள். அதே ஆண்டு மலேசியாவில் கோலாலம்பூருக்கு அருகே ஒரு கிடங்கில் நடந்த சோதனையில், இப்படி உருமாற்றப்பட்ட நூற்றுக்கணக்கான டிஸ்க்குகள் சிக்கின. வெளிநாட்டில் நடந்தது இங்கே நடக்காது என்று சொல்ல முடியாது. செகண்ட்ஸ் கார் மீட்டரைத் திருப்பி விற்பது மாதிரிதான் இதுவும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. டிஸ்க் சீல் வைத்த ஆன்டி-ஸ்டாட்டிக் கவரில் இருக்க வேண்டும். ஸ்க்ரூ துளைகளில் கீறல், கனெக்டரில் தேய்மானம் இருந்தால் வேண்டாம்.

2. லேபிளில் உள்ள சீரியல் நம்பரை, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் வாரண்டி பகுதியில் போட்டுப் பாருங்கள். கடையில் நின்றபடியே செல்போனில் செய்யலாம். வாரண்டி முடிந்துவிட்டது என்றோ, இந்தியாவில் செல்லாது என்றோ வந்தால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

3. வீட்டில் மாட்டியதும் முதல் வேலையாக கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். 'பவர் ஆன் ஹவர்ஸ்' பூஜ்யம் அல்லது அதை ஒட்டி இருக்க வேண்டும். 'ரீஅலோகேட்டட் செக்டார்ஸ்', 'கரன்ட் பெண்டிங் செக்டார்' இரண்டிலும் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருக்கக் கூடாது.

4. அந்தக் கணக்கையே அழித்திருந்தால்? சீகேட் டிஸ்க்குகளில் 'ஃபார்ம்' என்ற இன்னொரு பதிவும் உள்ளே இருக்கிறது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் புதிய பதிப்புகளில் அதைப் படிக்கலாம். ஜெர்மனி மோசடி மாட்டியதே இந்தப் பதிவால்தான்.

எங்கே வாங்கலாம்?

திருத்தணிக்காரர்களுக்கு நான்கு வழி. உள்ளூர் கடை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், எல்லை தாண்டி திருப்பதி, அப்புறம் ஆன்லைன்.

உள்ளூரில் விலை கொஞ்சம் கூடலாம். ஆனால் மாட்டித் தருவார்கள், பிரச்னை என்றால் நேரில் போய்க் கேட்கலாம். அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்குக் கடை விலை கேட்கலாம், கேட்ட மாடலும் கிடைக்கும். திருத்தணியில் இருந்து சென்னைக்கு நேரடி மின்சார ரயிலே இருக்கிறது. ஆனால் டிஸ்க் பழுதானால் அதே சுமார் 85 கிலோமீட்டரை மறுபடி கடக்கணும் என்பதையும் கணக்கில் சேருங்கள். சில நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக ஒரு நாள் வேலையை விடுவது லாபமா என்று பாருங்கள்.

"ஆந்திரா பக்கம் வரி கம்மி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜி.எஸ்.டி. நாடு முழுக்க ஒன்றுதான். ஹார்டு டிஸ்க்குக்கு 18 சதவீதம். அதைவிடக் குறைவாகத் தருகிறேன் என்று சொல்பவர், பெரும்பாலும் பில் இல்லாமல் தருகிறேன் என்றுதான் சொல்கிறார். ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் யார் என்பதைப் பாருங்கள். 'ரீஃபர்பிஷ்டு', 'ரீனியூட்' என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால் அது பழைய டிஸ்க். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

பில் ஏன் முக்கியம்?

பில்லில் மாடல் நம்பர், சீரியல் நம்பர் இரண்டும் இருக்க வேண்டும். டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்கு மாடலைப் பொறுத்து பொதுவாக 2 ஆண்டு வாரண்டி, சிசிடிவி, ஸ்டோரேஜ் பெட்டி வகைகளுக்கு பெரும்பாலும் 3 ஆண்டு வாரண்டி வரும். கடைக்காரர் தரும் வாரண்டியா, கம்பெனி வாரண்டியா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

'விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி, பில் தராமல் இருப்பதும், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் கால வரம்பு இல்லை என்றால் 30 நாட்களுக்குள் திருப்பித் தரலாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். முக்கியமாக, கடை திருப்பதியில் இருந்தாலும், ஆன்லைன் கம்பெனி பெங்களூருவில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். திருத்தணிக்காரர்கள் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

மாட்டிய பிறகு என்ன செய்யணும்?

புது டிஸ்க் 'மை கம்ப்யூட்டர்' பக்கத்தில் தெரியவில்லை என்று பதற வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் 'இனிஷியலைஸ்' செய்யணும். எம்.பி.ஆர்., ஜி.பி.டி. என்று கேட்டால் ஜி.பி.டி. கொடுங்கள். எம்.பி.ஆர். முறையில் 2 டிபிக்கு மேல் உள்ள இடத்தைப் பயன்படுத்த முடியாது.

அடுத்தது சூடு. கோடையில் சதம் அடிக்கும் ஊர்களின் பட்டியலில் வேலூரோடு திருத்தணி பெயரையும் செய்தியில் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலான டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்கு 60 டிகிரி செல்சியஸ் வரைதான் வரம்பு. அறையே 40 டிகிரியைத் தொடும்போது, தூசி அடைத்த கேபினெட்டுக்குள் நிலைமை என்ன ஆகும்? கேபினெட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ வெப்பநிலையையும் காட்டும். 50ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி கரண்ட் போகும் இடம் என்றால் யு.பி.எஸ். இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

வாரண்டி டிஸ்க்குக்குத்தான், டேட்டாவுக்கு இல்லை

லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் அமெரிக்க நிறுவனமான பேக்பிளேஸ், எத்தனை டிஸ்க் பழுதாகிறது என்ற கணக்கை வெளியிடுகிறது. 2024ல் அது 1.57 சதவீதம். அதாவது குளிரூட்டிய அறையில், நல்ல மின்சாரத்தில் ஓடும் 200 டிஸ்க்குகளிலேயே ஆண்டுக்கு 3 போய்விடுகிறது.

பழுதான டிஸ்க்குக்கு கம்பெனி மாற்று டிஸ்க் தரும். உள்ளே இருந்த டேட்டாவுக்குப் பொறுப்பேற்காது. அதை மீட்டுத் தரும் தனி நிறுவனங்கள் கேட்கும் தொகை, டிஸ்க் விலையைப் போல பல மடங்கு ஆகலாம். மீட்க முடியும் என்ற உத்தரவாதமும் இல்லை. அதனால் முக்கியமான பைல்களுக்கு மூன்று பிரதி, இரண்டு வகை சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில் என்பதைப் பழக்கமாக்குங்கள். பட்ஜெட்டில் 4 டிபி ஒன்று வாங்க முடிகிறது என்றால், 2 டிபி உள்ளே ஒன்று, வெளியே மாட்டும் 2 டிபி ஒன்று என்று பிரித்து வாங்கலாமா என்றும் யோசித்துப் பாருங்கள்.

பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பைலை டெலிட் செய்தாலும், 'குயிக் ஃபார்மட்' செய்தாலும் டேட்டா உள்ளேயே இருக்கும், எடுக்கவும் முடியும். ஊர்க்காரர்களின் ஆதார் நகல் இருக்கும் இ-சேவை, ஜெராக்ஸ் கடை டிஸ்க் என்றால் இன்னும் கவனம் தேவை. 'குயிக் ஃபார்மட்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். சில மணி நேரம் ஆகும், ஆனால் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதப்பட்டுவிடும். டிஸ்க் ஓடவே இல்லை என்றால் எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். அதை உங்களிடமே வைத்துக்கொள்வது நல்லது.