ஆனைமலைக் காடரும் மண்டையோட்டு அளவையும்

மனித மண்டையோட்டில் 22 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 8 எலும்புகள் மூளையைப் பொதிந்து காக்கும் பேழையாகின்றன. எஞ்சிய 14 முகத்திற்கு உருக்கொடுக்கின்றன. பிறந்த குழந்தையின் தலையில் இவ்வெலும்புகள் முற்றும் பொருந்தியிருப்பதில்லை. உச்சிக்குழி மூடுவதற்கே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதற்குள், குழந்தையை எப்போதும் மல்லாந்தே கிடத்தினால் பின்மண்டை தட்டையாகிவிடும். தாய்மாரும் பாட்டிமாரும் நன்கறிந்த செய்தி இது. ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் மானிடவியல், தலையின் வடிவத்தையே இனத்தின் மாறாத முத்திரையெனக் கொண்டது.

இதற்கு வழிவகுத்தவர் சுவீடன் நாட்டு உடற்கூற்றியலார் ஆண்டர்ஸ் ரெட்சியஸ். தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கும் தலைக் குறியீட்டு முறை, 1840களில் அவர் செய்த வகைப்பாட்டிலிருந்து வளர்ந்தது. 75க்குக் கீழ்ப்பட்டது நீள்மண்டை; 80க்கு மேற்பட்டது குறுமண்டை; இடைப்பட்டது நடுமண்டை. கவைக்கோல் ஒன்றும் வகுத்தல் கணக்கும் போதும் என்பதால், மருத்துவர் முதல் வன அலுவலர் வரை எவரும் அளவையாளராக முடிந்தது.

சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பை 1885இல் ஏற்ற எட்கர் தர்ஸ்டன் இக்கருவிகளோடு நீலகிரி, வயநாடு, ஆனைமலை எங்கும் சென்றார். அளக்கப்பட்டோரின் அச்சத்தை அவரே வேடிக்கையாகப் பதிவுசெய்துள்ளார். தங்களுள் சிறந்தவர்களைப் பாடம்செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று வயநாட்டுப் பணியப் பெண்கள் நம்பினர். ஏதோ ஒரு பழைய குற்றத்துக்காகத் தேடப்பட்டுவந்த இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்றெண்ணி அளவைக்கு மறுத்துவிட்டார். சிரிப்புக்காக எழுதப்பட்ட இவ்வரிகள், எண் அட்டவணைகள் சொல்லாத ஒன்றைச் சொல்கின்றன: ஆட்சியாளரின் கருவி தம் உடலை நெருங்கும்போது அதன் நோக்கத்தை ஐயுற அம்மக்களுக்குக் காரணம் இருந்தது. சென்னைக் காவல்துறைக்கும் தர்ஸ்டன் உடலளவைப் பாடம் நடத்தினார் என்பதை நோக்க, இருளரின் ஐயம் அத்தனை பேதைமையானதன்று.

ஆனைமலைக் காடரைப் பற்றி அவர் 1899இல் எழுதினார். அவர்கள் நீள்மண்டையர் வரிசையில் அமைந்தனர். ஆனால் தென்னிந்தியச் சமவெளி மக்களிலும் பெரும்பாலோர் நீள்மண்டையரும் நடுமண்டையருமே. எனவே சாதியையும் குடியையும் பிரித்துக்காட்டத் தலைக் குறியீடு உதவவில்லை. அளவைக்கோல் மூக்கின் பக்கம் நகர்ந்தது. காடரின் தலையில் தர்ஸ்டன் கண்ட தெளிவான தனியடையாளம், முன்பற்களைக் கூராகச் செதுக்கிக்கொள்ளும் வழக்கம். அது பிறப்பால் வந்ததன்று, மரபால் வந்தது.

மலையின் மறுசரிவு அன்று கொச்சி அரசுக்குட்பட்டது. அங்கே இப்பணியை மேற்கொண்டவர் பாலக்காட்டு லட்சுமிநாராயணபுரத்தில் பிறந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர். கல்லூரியில் கற்பித்துக்கொண்டே, 1902 முதல் ஊதியமின்றி இனவரைவியல் ஆய்வை நடத்தினார். கொச்சியின் குடிகளையும் சாதிகளையும் பற்றிய அவரது நூலின் முதற்றொகுதி 1909இல் வந்தது.

1928இல் பி. எஸ். குஹா புதிய கூற்றொன்றை முன்வைத்தார். பரம்பிக்குளம் மலைகளில் கண்ட காடர் சிலரின் சுருள்முடியைச் சான்றாக்கி, இந்தியாவில் நீக்ரிட்டோ இனக்கூறு உண்டு என ‘நேச்சர்’ இதழில் எழுதினார். இங்கே ஒரு முரண் தோன்றுகிறது. ஒப்புநோக்கப்பட்ட அந்தமான் தீவினர் குறுமண்டையர், காடரோ நீள்மண்டையர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக இனத்தின் உரைகல்லாகப் போற்றப்பட்ட மண்டையோடு எதிர்ச்சான்று தந்தபோது, அதை ஒதுக்கிவிட்டு முடி முன்னிறுத்தப்பட்டது. முடிவை முன்னதாகவே எடுத்துவிட்ட ஆய்வில் சான்றுகள் இவ்வாறுதான் இடம்மாறும். பின்னர் எஸ். எஸ். சர்க்கார் இக்கூற்றை மறுத்தார். அதற்கு முன்பே, அமெரிக்காவில் குடியேறியோரின் பிள்ளைகளை அளந்த ஃபிரான்ஸ் போவாஸ், ஒரே தலைமுறையில் தலைக் குறியீடு மாறுவதை 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டியிருந்தார். இருந்தும் ‘நீக்ரிட்டோ காடர்’ என்னும் தொடர் பாடநூல்களிலும் போட்டித்தேர்வுக் கையேடுகளிலும் நெடுங்காலம் உலவியது.

1952இல் எரன்ஃபெல்ஸ் எழுதிய காடர் பற்றிய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

வேலந்தாவளத்தில் எல்லை கடப்போர்க்குத் தெற்கே நிற்கும் மலைத்தொடர் அதே ஆனைமலைதான். பாலக்காட்டிலிருந்து பரம்பிக்குளம் செல்ல இன்றும் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியே ஏறவேண்டும். காடர் மலையின் இருபுறமும் வாழ்கின்றனர். இரு மாநிலங்களிலும் பட்டியல் பழங்குடியினர். ஆனால் கேரளத்தில் அவர்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிப் பிரிவினரின் பட்டியலில் உள்ளனர். தமிழ்நாட்டின் அப்பட்டியலில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பிரிவினரே உள்ளனர், காடர் இல்லை.