பேயச்சமும் மனத்தின் திரிபும்

பேயுண்டு என்னும் எண்ணம் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு வருவதொன்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையம் முதலிய ஊர்களில் இரவிற் புளியமரத்தடியே செல்ல அஞ்சுவோர் இன்றும் உளர். அவ்வெண்ணம் மனத்தின்கண் எவ்வாறு தோன்றுகின்றது என்பதனை முன்னோர் நூல்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அச்சம் பிறத்தற்குரிய நான்கனுள் அணங்கினை முதற்கண் வைத்தார் ஆசிரியர் தொல்காப்பியனார். சங்கச் செய்யுட்களில், தலைவன் பிரிவால் மெலிந்த மகளைக் கண்ட தாய் அம்மெலிவு தெய்வத்தான் வந்ததெனக் கருதி, வேலனை அழைத்து வெறியாட்டு அயர்விப்பாள். நோயின் மெய்க்காரணத்தைத் தோழி அறிவாள், தாய் அறியாள். காரணம் புலப்படாதவிடத்து மனம் தானே ஒரு காரணத்தைப் படைத்துக்கொள்ளும் என்பது இதனாற் பெறப்படும்.

மணிமேகலையிற் சார்ங்கலன் வரலாறு இதனினுந் தெளிவுடைத்து. புகார் நகரத்துச் சுடுகாட்டில் பிணத்தலையை ஏந்தி ஆடும் பேயைக் கண்டு வெருவிய அச்சிறுவன், தாய் கோதமையிடம் அதனைக் கூறி உயிர் துறந்தான். முறையிட்ட அவட்குச் சம்பாபதி, உயிரை உண்டது பேயன்று. அவனது பேதைமையே பற்றுக்கோடாக ஊழ்வினையே உண்டது என்று விடையிறுத்தாள். பேயை ஒப்புக்கொண்ட நூலும் கேட்டினை அதன்மேல் ஏற்றாமை காண்க.

இனி, 13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் ஐயத்தையுந் திரிபையும் வகுத்துரைத்தார். ஒரு பொருளை இதுவோ அதுவோ என இரட்டுறக் கருதுதல் ஐயம். ஒன்றைப் பிறிதொன்றாகத் துணிதல் திரிபு. மங்கிருளிற் குற்றியோ மகனோ எனத் தொடங்கும் ஐயம், அச்சஞ் சேர்ந்தவழிப் பேயே எனத் துணியுந் திரிபாக முடியும். பாம்பைக் கயிறென்று கருதி மிதித்தவன் இறப்பான். கயிற்றைப் பாம்பென்று கருதி ஓடியவனுக்கு இழப்பொன்றில்லை. ஆதலின் மனம் அஞ்சும் பக்கமே சாயும். 'அமுக்குவான்' என வழங்குவதும் இத்தகையதே. கனவுறக்கத்தில் உடலுறுப்புக்கள் அசைவற்றிருத்தல் இயற்கை. அந்நிலை நீங்குமுன் அறிவு விழிப்பின், மார்பின்மேல் யாரோ அமர்ந்து அழுத்துவதுபோலத் தோன்றும் என்பது இக்கால மருத்துவர் கண்ட உண்மை.

அற்றேல், பேய்வடிவு வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையாரை வணங்கும் நாம் இவ்வாறு கூறலாமோ எனின், கூறலாம். அம்மையார் வடிவு அருளாற் பெற்றது. எவரையும் பற்றி வருத்துவதன்று. ஈண்டு யாம் மறுப்பது, மனநோயைப் பேயின் செயலெனத் துணியுந் திரிபு ஒன்றனையே.

அத்திரிபின் பயன் கொடிது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் விடுதியொன்றில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டமையின் ஓடவியலாது 28 பேர் மாண்டனர். பேய்பிடி நீங்குமென்று நோயாளரைக் கொணர்ந்து விடும் வழக்கம் பற்றியே அவ்வூரில் அத்தகைய விடுதிகள் பெருகியிருந்தன. எல்லாச் சமயத்தாரும் அவ்வாறு கொணர்ந்தனராகலின், இஃது ஒரு சமயத்தார் குற்றமன்று. மனநோயாளரைச் சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் விலக்கிற்று.

ஆதலால், இல்லத்தில் ஒருவர் தமக்குத் தாமே பேசினும், காரணமின்றி அஞ்சினும், அன்பர்கள் மருத்துவரை நாடுக, இறைவனையும் வழிபடுக. வழிபாடு மருந்தை விலக்குவதன்று. கோலும் சங்கிலியும் மட்டும் வேண்டா.