மலைக்கிராமத்தில் எஞ்சிய முதியோர்

இமயமலை என்றதும் தமிழராகிய நமக்குப் பத்ரிநாத யாத்திரையே முதலில் நினைவுக்கு வரும். அலகநந்தையும் பாகீரதியும் கலக்கும் தேவப்பிரயாகையைத் திருக்கண்டமென்னும் கடிநகர் என ஆழ்வார் பாடிய காலந்தொட்டு அவ்வழி நம்மவர் அறிந்த வழி. ஆயினும் யாத்திரைப் பாதையை விட்டு விலகி, அலகநந்தைக்குத் தெற்கே எழும் சரிவுகளில் ஏறிச் சென்றால், நாம் அதிகம் கேள்வியுறாத வேறொரு காட்சி தென்படும். கருங்கற்பலகை வேய்ந்த வீடுகள் வரிசையாக நிற்கும். சித்திர வேலைப்பாடமைந்த மரக் கதவுகளில் துருப்பிடித்த பூட்டுகள் தொங்கும். ஒரே ஒரு வீட்டில் மட்டும் அடுப்புப் புகை எழும். அங்கே எழுபது வயதைக் கடந்த ஒரு கணவரும் மனைவியும் வாழ்ந்து வருவர். உத்தராகண்ட மாநிலத்தின் பௌரி, அல்மோரா மாவட்டங்களில் இத்தகைய ஊர்கள் பல உள. அம்முதியோர் தனித்து நிற்க நேர்ந்ததன் பின்னே இருநூறாண்டு வரலாறு இருக்கிறது. அதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

கூர்க்கர்கள் 1790-இல் குமாவோனையும், 1804-இல் கார்வாலையும் வென்றனர். 1815-இல் ஆங்கிலேயர் கூர்க்கரை முறியடித்து, குமாவோனையும் கார்வாலின் கிழக்குப் பகுதியையும் தம் ஆட்சியில் சேர்த்துக் கொண்டனர். மேற்குப் பகுதி டேஹ்ரி சமஸ்தானமாயிற்று. மலைவாசிகளின் உடல் வலிமையையும் உறுதியையும் போர்க்களத்தில் கண்டறிந்த புதிய ஆட்சியாளர், அவர்களைச் சேனையில் சேர்க்கலாயினர். 1887-இல் கார்வாலியருக்கெனத் தனிப் படைப்பிரிவு அமைந்தது. அதன் தலைமையிடம் பின்னர் லான்ஸ்டவுன் எனப் பெயர் பெற்ற மலையூர். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுக் களத்தில் தர்வான் சிங் நேகி, கபர் சிங் நேகி என்னும் இரு கார்வாலியர் விக்டோரியாச் சிலுவை பெற்றனர். அதே படைப்பிரிவைச் சேர்ந்த சந்திர சிங் கார்வாலி, 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில் நிராயுதபாணிகளான மக்கள்மீது சுட மறுத்துச் சிறை புகுந்தார்.

வீரத்தின் பொருட்டு மட்டுமே இம்மக்கள் பட்டாளம் புகுந்தனர் என எண்ணுதல் பொருந்தாது. மலைவயல் சிறிது, பெரும்பாலும் மழையை நம்பியது. ஒரு குடும்பத்தின் விளைச்சல் ஆண்டு முழுமைக்கும் போதாது. இக்குறையைக் காடு ஈடு செய்து வந்தது. மாட்டுக்குத் தழையும், அடுப்புக்கு விறகும், வயலுக்கு எருவும் கருவாலிக் காட்டிலிருந்தே கிடைத்தன. 1911 முதல் 1917 வரை நடைபெற்ற ஏற்பாட்டின்படி அக்காடுகளிற் பெரும்பகுதி அரசாங்கக் காடாக ஒதுக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். 1921-இல் பாகேசுவரத்தில் சரயு நதியில் கட்டாயக் கூலி வேலைப் பதிவேடுகளை எறிந்தனர். அவ்வாண்டே குமாவோனில் காடுகள் பல தீக்கிரையாயின. கட்டாய வேலை ஒழிந்தது. காட்டின்மீது இருந்த பழைய உரிமையோ முழுமையாக மீளவில்லை. ஆகவே ரொக்கப் பணத்திற்காக மலையைவிட்டு இறங்குவது ஆடவர்க்குத் தவிர்க்க முடியாததாயிற்று.

இந்தியாவில் மணியார்டர் முறை 1880-இல் தொடங்கிற்று. மலைக்கிராமங்கள் அதனையே நம்பி வாழலாயின. பட்டாளத்திலிருந்தும், பிற்காலத்தில் டில்லி, பம்பாய் நகரங்களின் அலுவலகங்களிலிருந்தும் உணவு விடுதிகளிலிருந்தும் மாதந்தோறும் பணம் வந்தது. ஆடவர் மட்டுமே சென்றனர். மனைவி ஊரிலேயே இருந்தாள். ஏர் பிடிப்பது ஆண்களின் தொழில் என்னும் வழக்கம் ஒன்றைத் தவிர, விதைத்தல், களையெடுத்தல், அறுத்தல், தழையும் விறகும் சுமத்தல், மாடு பேணுதல் யாவும் அவள் பொறுப்பாயின. 2011 ஜனத்தொகைக் கணக்கில் ஆயிரம் ஆண்களுக்கு அல்மோராவில் 1,139 பெண்களும், பௌரியில் 1,103 பெண்களும் இருந்தனர் என்பது இவ்வரலாறு இன்றும் மறையாமல் நிற்பதைக் காட்டும்.

இங்கு நாம் ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். அவ்வூரில் இன்று ஒருவருக்கொருவர் துணையாக வாழும் முதியோர், இளமையில் சேர்ந்து வாழ்ந்தவர் அல்லர். கணவர் பட்டாளத்தில் பதினைந்து இருபதாண்டு உழைத்து, பின்னர் ஏதேனும் ஒரு நகரத்தில் காவற்பணியும் பார்த்தவராயிருப்பார். ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் விடுமுறையே அவர்களுடைய இல்லறம். உபகாரச் சம்பளத்துடன் அவர் ஊர் திரும்பிய பின்னரே இருவரும் ஒரு கூரையின்கீழ் தொடர்ந்து வாழத் தொடங்கினர். அதற்குள் பிள்ளைகள் மலையிறங்கிவிட்டனர்.

தந்தையர் சென்றதற்கும் பிள்ளைகள் சென்றதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தந்தையர் குடும்பத்தை ஊரில் வைத்துச் சென்றனர். ஆகவே பணம் ஊருக்கு வந்தது. பிள்ளைகள் மனைவி மக்களுடன் சென்றனர். குழந்தைக்கு நல்ல பள்ளியும், பிரசவத்திற்கு மருத்துவரும் சமவெளியில்தான் கிடைக்கும் என்னும் நிலையில் அவர்களைக் குறை கூற இயலாது. 2000 நவம்பர் 9 அன்று மலைமக்களின் நெடுநாட் கோரிக்கைப்படி தனி மாநிலம் பிறந்தது. ஆனால் தொழில்களும் கல்லூரிகளும் டேராடூன், ஹரித்துவாரம், உதம்சிங் நகர் ஆகிய தாழ்நிலங்களிலேயே பெருகின. 2001-க்கும் 2011-க்கும் இடையே இம்மூன்று மாவட்டங்களின் ஜனத்தொகை முப்பது சதவிகிதத்திற்கு மேல் உயர, பௌரியும் அல்மோராவும் முன்னிருந்த தொகையிலும் குறைந்தன. 2011-இல் மாநிலத்தில் 1,048 கிராமங்கள் குடியற்றுக் கிடந்தன. அதன்பின் மேலும் 734 கிராமங்கள் ஆளற்றுப் போயின என்று மாநிலக் குடிப்பெயர்ச்சி ஆணைக்குழு 2018-இல் அறிவித்தது. வெளியேறியோருள் பாதிப்பேர் வேலையின் பொருட்டும், சுமார் 15 சதவிகிதத்தினர் கல்வியின் பொருட்டும் சென்றனர் என்பதும் அதன் முடிவு.

எஞ்சிய இருவர் ஏன் தம் வயல்களைத் தொடர்ந்து பயிரிடவில்லை என்று கேட்கலாம். படிவயல் தனியொருவர் காக்கக்கூடிய பொருளன்று. மேற்படியின் கற்சுவர் மழையில் சரிந்தால் கீழ்ப்படியும் கெடும். நீரூற்றின் வாய்க்காலும், ஒற்றையடிப் பாதையும் ஊர் கூடிச் செப்பனிட வேண்டியவை. காட்டுப் பன்றியையும் குரங்கையும் விரட்ட ஓர் ஊரே விழித்திருக்க வேண்டும். நோயுற்றவரைச் சாலைவரை தூக்கிச் செல்ல நால்வர் தேவை. உறுதி மிக்க இருவராயினும் ஓர் ஊரின் வேலையைச் செய்ய முடியாது. ஆதலால் வீட்டையொட்டிய சிறு நிலத்தில் மட்டும் கேழ்வரகும் குதிரைவாலியும் கொள்ளும் விளைகின்றன. மண்டுவா, ஜங்கோரா, கஹத் என அவர்கள் வழங்கும் இம்மூன்றும் நம் நாட்டுப் புன்செய்த் தானியங்களே. முன்னாளில் பன்னிரண்டு வகைத் தானியங்களை ஒரே வயலில் கலந்து விதைக்கும் பாராநாஜா என்னும் முறை அங்கு இருந்தது. ஆட்குறைவால் அதுவும் அருகி வருகிறது.

ஆயினும் இம்முதியோர் வாழ்வு பயனற்றது எனக் கருதலாகாது. கோடை விடுமுறையில் குலதெய்வப் பூசைக்காக நகரத்துக் குடும்பங்கள் ஊர் வருகின்றன. எந்த வயல் எவருடையது, எந்தத் தெய்வத்திற்கு எந்நாளில் எவ்வழிபாடு, வறண்ட காலத்தில் எந்த ஊற்றில் நீர் வற்றாது என்பவற்றையெல்லாம் கூற அங்கே இவர்களே உள்ளனர். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் மலைக்குத் திரும்பினர். அவர்களில் பலர் பின்னர் மீண்டும் நகரம் சென்றனர். திரும்பிய நாளில் உடனே குடிபுகக் கூடியதாயிருந்தது எவரேனும் காத்து வந்த வீடேயன்றி, மழைக்காலம் பல கண்டு கூரை சரிந்த வீடன்று.

பிழைப்பை நாடிப் பிறமாநிலங்களில் வாழும் நாமும் கடிதமும் பணமும் அனுப்பி ஊருடன் உறவு காத்தவர்களே. பௌரி மலையின் வரலாறு நமக்குப் புலப்படுத்துவது இதுவே: அனுப்பிய பணம் ஊரைக் காத்ததெனில், அதனைப் பெற்று, கடன் தீர்த்து, கூரை வேய்ந்து, வயலையும் பார்த்துக்கொண்ட ஒருவர் அங்கு இருந்தமையாற்றான். சென்றவர்களின் பெயர்கள் படைப்பிரிவின் ஏடுகளிலும் அலுவலகப் பதிவுகளிலும் உள்ளன. இருந்து காத்தவளின் உழைப்புக்கு ஏடு இல்லை. முதுமையில் அவளருகே அமர்ந்து, விறகைப் பிளந்து கொடுத்தும், ஊற்றிலிருந்து நீர் கொணர்ந்தும் வாழும் கணவர் அதனை அறிவார். நாமும் அறிந்திருத்தல் நன்று.