சிங்கப்பூரின் கடல்மாந்தர்

1819ஆம் ஆண்டு ராபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கினார். தமிழருள் முன்னோடியான நாராயண பிள்ளை வந்ததும் அவ்வாண்டே. இந்நகரின் வரலாற்றை அங்கிருந்தே தொடங்குவது பலருக்கு வழக்கம். ஆயின் அன்று இத்தீவு ஆளற்ற காடன்று. ஏறத்தாழ 1,000 பேர் இங்கு வாழ்ந்தனர் என்பர் அறிஞர். அவருள் பெரும்பாலார் ‘ஓராங் லாவுட்’ எனப்பட்ட கடல்மாந்தர். மலாய் மொழியில் ‘ஓராங்’ என்பது மனிதர். ‘லாவுட்’ என்பது கடல்.

காலாங் ஆற்றுச் சதுப்பில் வாழ்ந்த ஓராங் காலாங் மக்கள் சுமார் 500 பேர். வடக்கே ஜொகூர் நீரிணையின் கண்டற்காடுகளில் ஓராங் சிலேத்தார் 200 பேரும், சிங்கப்பூர் ஆற்றின் முகத்தில் ஓராங் கெலாம் 150 பேரும் இருந்தனர். நெய்தல் திணை பயின்றோர்க்கு இவர்தம் வாழ்வு புதிதன்று. எனினும் ஒரு வேற்றுமை உண்டு. பரதவர் கரையில் பாக்கம் அமைத்துக் கடலிலே தொழில் செய்தனர். இவர்க்கோ படகே வீடு, படகே ஊர்.

இவரை வெறும் மீன்பிடிப்போர் என்று கருதுதல் பொருந்தாது. மலாக்கா, ஜொகூர் மன்னர்களின் கடல்வலிமை இத்தகைய மக்களையே சார்ந்திருந்தது. துடுப்பு வலித்தோரும், கடல்வழி காத்தோரும், போர்ப்படகு செலுத்தியோரும் இவரே.

ஆங்கிலேயர் வந்தபின் நிலை மாறியது. தெமெங்கோங் அப்துல் ரகுமான் காலாங் மக்களை ஜொகூரின் பூலாய் ஆற்றுக்குப் பெயர்த்தார். அங்குச் சென்றவை ஏறத்தாழ 100 குடும்பங்கள். பெரியம்மை பரவி அவரைச் சூறையாடியது. 1847இல் எஞ்சியவை 8 குடும்பங்களே என்பது லோகன் என்பார் எழுதிய குறிப்பால் விளங்குகிறது. சிலேத்தார் மக்களின் வழியினர் இன்று ஜொகூர்க் கரையோரச் சிற்றூர்களில் வாழ்கின்றனர். மலேசியா அவரை ஓராங் அஸ்லி என்னும் பழங்குடிகளுள் ஒரு பிரிவாக ஏற்றுள்ளது. சிங்கப்பூரின் தென்தீவுகளில் இருந்த குடிகளும் 1970களில் பெருந்தீவின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர்.

சிராங்கூன் சாலைக்கு அண்மையில் ஓடும் ரோச்சோர் ஆறு காலாங் கழிமுகத்திலேயே கலக்கிறது. காலாங், சிலேத்தார் என்பன இன்று பேட்டைகளுக்கும் சாலைகளுக்கும் பெயர்கள். கம்போங் கிளாமின் பெயர் கெலாம் மரத்தால் வந்தது என்பாரும், அம்மக்களால் வந்தது என்பாரும் உளர். நாள்தோறும் இப்பெயர்களைச் சொல்லும் மாணவர்க்கு, அவை மக்கட்குழுக்களின் பெயர்களாகவும் விளங்கியவை என்பதை ஆசிரியர் எடுத்துரைத்தல் வேண்டும். தமிழர் இங்குக் கால்கொண்ட காலமும், இத்தீவின் பழங்குடியினர் இடம்பெயரத் தொடங்கிய காலமும் ஒன்றே. முன்னதைப் போற்றும் வரலாறு பின்னதையும் கூறுவதே நடுநிலை.