ஊரே கரைக்கு ஓடி வரும் நாள்

கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

லாப்ரடார்னு சொன்னதும் நம்மில் பலருக்கு நாய்தான் ஞாபகம் வரும். ஆனால் அது ஒரு கடற்கரையின் பெயர். கனடாவின் கிழக்கு ஓரத்தில் வடக்கு நோக்கி நீளும் கரை. வடக்கே போகப் போக மரமே இல்லாத மலைகள், கடலில் மிதந்து வரும் பனிப்பாறைகள், வெள்ளைக் கரடிகள். வருஷத்தில் பாதிக்கும் மேல் கடல் உறைந்து கிடக்கும். கோடையில் பனி விலகும் சில மாதங்கள்தான் கப்பல் போக முடியும்.

அந்தச் சில மாதங்களில் சின்னக் கப்பல்கள் அங்கே சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப் போகின்றன. டிவியில பார்க்கிற, நீச்சல் குளமும் தியேட்டரும் வெச்ச பெரிய கப்பல் இல்லைங்க. நூறு, இருநூறு பேர் போகும் கப்பல். பல இடங்களில் துறைமுகமே கிடையாது. ரப்பர் படகில் இறங்கி, முழங்கால் வரை பூட்ஸ் போட்டு, தண்ணீரில் நடந்துதான் கரை ஏறணும். கரடி வந்தால் பார்த்துக்கொள்ள, துப்பாக்கியோடு உள்ளூர் இனூயிட் காவலர்கள் கூடவே வருவார்கள்.

போன வாரம் ஒரு நண்பர் இப்படி ஒரு பயணத்தின் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "டாக்டர், வாழ்க்கையில ஒரு தடவையாவது இங்க போகணும்"னு எழுதியிருந்தார். அந்த வீடியோவில் சில நொடிகள் வந்து போன ஓர் ஊர்தான் ஹெப்ரான். கடலோரம் நீளமான ஒரு மரக் கட்டடம். பக்கத்தில் கல்லறைகள். ஊரில் நிரந்தரமாக ஒருவரும் குடியிருப்பதில்லை.

ஏன் இல்லை? இந்தக் கேள்விக்குப் பின்னால் போனால், மருத்துவரான என்னை உலுக்கிய இரண்டு வரலாறுகள் வருகின்றன. முதலாவதில் கப்பல், மனிதர்களை நோயிடம் கொண்டு போனது. இரண்டாவதில் கப்பல், நோயை மனிதர்களிடம் கொண்டு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்தக் கரையின் பூர்வகுடிகள் இனூயிட் மக்கள். சீல் வேட்டை, மீன்பிடிப்பு, நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டி, இதுதான் வாழ்க்கை. ஜெர்மனியில் இருந்து வந்த மொராவியன் மிஷனரிகள் 1771ல் நெய்ன் என்ற இடத்திலும், 1776ல் ஓகாக்கிலும், 1830ல் ஹெப்ரானிலும் ஊர் அமைத்தார்கள். தேவாலயம், பள்ளிக்கூடம், ஒரு கடை.

அந்தக் கடைக்கு மாவு, தேயிலை, துப்பாக்கி ரவை, கடிதங்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை வரும் மிஷன் கப்பலில் வந்தன. 1770ல் தொடங்கி 1926 வரை, நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் இந்தக் கப்பல் சேவை ஓடியது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல கப்பல்கள் ஓடின. அவற்றில் பலவற்றுக்கும் ஒரே பெயர்: ஹார்மனி. கப்பல் கண்ணில் பட்டால் ஊரே கரைக்கு ஓடி வரும். நம்ம ஊர்த் திருவிழா மாதிரின்னு வெச்சுக்கோங்க.

முதல் வரலாறு, 1880.

அந்த ஆகஸ்டில் ஹெப்ரானுக்கு வேறொரு சின்னக் கப்பல் வந்தது. வந்தவர் ஜேக்கப்சன் என்ற நார்வேக்காரர். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மிருக வியாபாரம் செய்த ஹாகன்பெக் என்பவருக்காக ஆள் சேர்க்க வந்திருந்தார். எதற்கு? மிருகக்காட்சி சாலையில் காட்டுவதற்கு. ஆமாம், சரியாத்தான் படிச்சீங்க. அந்தக் காலத்து ஐரோப்பாவில் தூர தேசத்து மனிதர்களைக் கூட்டி வந்து, குடிசை போட்டு உட்கார வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டினார்கள்.

மிஷனரிகள் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் எட்டுப் பேர் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் ஆபிரகாம், வயது 35. எழுதப் படிக்கத் தெரிந்தவர், வயலின் வாசிப்பவர், நன்றாகப் படம் வரைபவர். மிஷன் கடையில் கடன் இருந்தது. சம்பாதித்து அதை அடைக்க வேண்டும், ஐரோப்பாவையும் பார்க்க வேண்டும். கடனுக்காகக் கடல் தாண்டிப் போவதைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கூடவே அவர் மனைவி உல்ரிக்கே, நாலு வயது மகள் சாரா, கைக்குழந்தை மரியா, டோபியாஸ் என்ற இளைஞர். இன்னும் வடக்கே இருந்து வந்த ஒரு குடும்பத்தில் மூன்று பேர்.

செப்டம்பரில் ஹாம்பர்க். பிறகு பெர்லின், பிராக், பிராங்பர்ட் என்று ஊர் ஊராகக் காட்சி.

இங்கே ஒரு தகவலைக் கவனியுங்க. ஜெர்மனியில் 1874லேயே பெரியம்மைத் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். ஊர்க் குழந்தைகள் எல்லாம் ஊசி போட்டிருந்தார்கள். வேலியின் அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்துக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு இருந்தது. வேலிக்குள் இருந்த எட்டுப் பேருக்கு இல்லை. கூட்டி வந்தவர்கள் அவர்களுக்கு ஊசி போடவே இல்லை.

டிசம்பர் 14 அன்று 15 வயதுச் சிறுமி நுக்காசாக் இறந்தாள். சில நாட்களில் அவள் தாய் பாயிங்கு. அதுவரை என்ன நோய் என்றே சுற்றி இருந்தவர்களுக்குப் புரியவில்லை. மூன்றாவதாகச் சாராவுக்கு வந்தபோதுதான் பெரியம்மை என்று தெரிந்தது. ஜெர்மனியின் கிரேபெல்ட் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தையை விட்டுவிட்டு, பெற்றோர் பாரிஸுக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. அடுத்த காட்சி அங்கே. டிசம்பர் 31 அன்று சாரா இறந்தாள்.

பாரிஸில் மிச்சமிருந்த ஐந்து பேருக்கும் ஊசி போட்டார்கள். பெரியம்மைக் கிருமி உடம்புக்குள் போன மூணு, நாலு நாளுக்குள் தடுப்பூசி போட்டால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அந்த நாட்கள் எப்போதோ போயிருந்தன. 1881 ஜனவரி 10 முதல் 16க்குள் ஐந்து பேரும் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். ஊருக்குத் திரும்ப ஒருவர்கூட மிச்சமில்லை.

ஆபிரகாம் தன் தாய்மொழியில் டைரி எழுதியிருந்தார். அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு இன்றும் இருக்கிறது. முட்டி மோதும் கூட்டம், ஊர் ஏக்கம், வந்தது தவறு என்ற வருத்தம் எல்லாம் அதில் உண்டு. ஜேக்கப்சனும் டைரி எழுதினார். இந்தச் சாவுகளில் தன் பங்கு என்ன என்று அவரும் தன்னையே கேட்டுக்கொண்டார். அவர் கொலைகாரர் இல்லை. செய்ய வேண்டிய ஒரு வேலையை நேரத்தில் செய்யாதவர். மருத்துவத்தில் சில சமயம் இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்.

இரண்டாவது வரலாறு, 1918.

முதல் உலகப் போர் முடியப் போகும் நேரம். ஸ்பானிஷ் ப்ளூ உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் ஹார்மனி கப்பல் நியூபவுண்ட்லாந்து தீவின் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் இருந்து வடக்கே கிளம்பியது. அந்த நகரில் அப்போது காய்ச்சல் பரவியிருந்தது. அக்டோபர் 27 அன்று ஹெப்ரான். நவம்பர் 4 அன்று ஓகாக். வழக்கம்போல ஊரே கரைக்கு ஓடி வந்தது. மூட்டை இறக்கினார்கள், கை குலுக்கினார்கள், சீல் வேட்டைக்குக் கிளம்பிப் போனார்கள்.

ப்ளூ கிருமி உடம்புக்குள் போய் ஒன்று முதல் நாலு நாளில் காய்ச்சல் வரும். கப்பல் கிளம்பிப் போன பிறகுதான் ஊர் படுத்தது.

ஓகாக்கில் இருந்தவர்கள் சுமார் 263 பேர். இறந்தவர்கள் 204 பேர். வயது வந்த ஆண்கள் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஹெப்ரான் ஊருக்குள் சுமார் 100 பேரில் 86 பேர் இறந்தார்கள்.

இந்த எண்ணிக்கையைப் படிக்கும்போது எனக்குக் கொரோனா வார்டு ஞாபகம் வந்தது. உலகில் பெரும்பாலான இடங்களில் அதே ப்ளூ இவ்வளவு பேரைக் கொல்லவில்லை. இங்கே ஏன்? தனித்து வாழ்ந்த மக்கள், உடம்புக்குப் பழக்கமில்லாத கிருமி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சாதாரணமாக யாரும் யோசிப்பதில்லை. எல்லோரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டார்கள். அடுப்பு மூட்ட ஆள் இல்லை. தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. வேட்டைக்குப் போக ஆள் இல்லை. காய்ச்சலில் தப்பியவர்களைக் குளிரும் பசியும் கொன்றன. ஒரு வாளி தண்ணீரும் கொஞ்சம் விறகும் எடுத்துத் தர நாலு ஆரோக்கியமான ஆட்கள் இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். நர்சிங் கேர் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். வார்டில் நர்ஸ் அக்காக்கள் செய்கிற வேலையின் மதிப்பு அது இல்லாத இடத்தில்தான் தெரியும்.

சாப்பாடு போட ஆள் இல்லாத வண்டி நாய்கள் என்ன செய்தன என்பதை இங்கே விரிவாக எழுத மனம் வரவில்லை. ஓகாக் பக்கத்தில் ஒரு வேட்டை முகாமில், செத்துப்போன குடும்பத்துக்கும் அந்த நாய்களுக்கும் நடுவே எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஐந்து வாரம் தனியாக இருந்து பிழைத்தாள். பனியை மெழுகுவர்த்தியில் உருக்கிக் குடித்திருக்கிறாள். ஹெப்ரானில் உறைந்த தரையைத் தோண்ட முடியாமல், கடல் பனியில் துளை போட்டு உடல்களை இறக்கினார்கள். ஓகாக்கில் மிஞ்சியவர்கள் வீடுகளைக் கொளுத்திவிட்டு வேறு ஊர்களுக்குப் போனார்கள். நூற்றி நாற்பது வருஷத்து ஊர் முடிந்தது.

இதில் இன்னொரு வேதனை. ஹட்டன் என்ற ஆங்கிலேய டாக்டர் 1903ல் இதே ஓகாக்கில் ஓர் ஆஸ்பத்திரி நடத்தத் தொடங்கியிருந்தார். 1918ல் அவர் அங்கே இல்லை. கட்டடம் மட்டும் இருந்தால் ஆஸ்பத்திரி ஆகாது என்பது அரசு மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

அப்போ கப்பலே வராமல் இருந்திருக்கலாமோ? அப்படியும் சொல்ல முடியாது. 1892ல் வில்பிரட் கிரென்பெல் என்ற இளம் டாக்டர் ஆல்பர்ட் என்ற ஆஸ்பத்திரிக் கப்பலில் இதே கரைக்கு வந்தார். ஒரே கோடையில் சுமார் 900 நோயாளிகளைப் பார்த்தார். அடுத்த வருஷமே பேட்டில் ஹார்பர் என்ற இடத்தில் ஆஸ்பத்திரி திறந்தது. மாவு வந்ததும் கப்பலில், டாக்டர் வந்ததும் கப்பலில், கிருமி வந்ததும் கப்பலில். கிளம்புவதற்கு முன் துறைமுகத்தில் யார் என்ன சரிபார்த்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1918க்குப் பிறகும் ஹெப்ரான் மெல்ல எழுந்து நின்றது. 1959ல் அரசும் மிஷனும் சேர்ந்து ஊரை மூட முடிவு செய்தன. தேவாலயத்துக்குள் வைத்து அறிவித்தார்கள். அங்கே எதிர்த்துப் பேசுவது மக்களுக்கு வழக்கமில்லை. குடும்பங்கள் தெற்கே பல ஊர்களுக்குச் சிதறின. அந்த ஊர் காலியாகக் கிடப்பது இதனால்தான். 2005ல் மாகாண அரசு மன்னிப்புக் கேட்டது. 2009ல் ஹெப்ரானிலேயே நினைவுச் சின்னம் திறந்தார்கள்.

அதே 2009ல் பிரான்ஸ் ரிவே என்ற கனடியப் பெண் ஒருவர் லாப்ரடார் கரையில் கப்பல் சுற்றுலா போனார். கூட வந்த பயணி ஒருவர் ஆபிரகாமின் கதையைச் சொன்னார். அவர்களின் உடல்கள் என்ன ஆயின என்று தேட ஆரம்பித்தார். பாரிஸில் இறந்த ஐந்து பேரின் எலும்புக்கூடுகளும் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பது அந்தத் தேடலில் தெரிய வந்தது. செத்த பிறகும் காட்சிப் பொருள் ஆக்கியிருந்தார்கள். ஒரு சுற்றுலாப் பயணி காது கொடுத்துக் கேட்டதால் இந்த உண்மை வெளியே வந்தது. ஆகவே சுற்றுலாவே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாக 2020. கொரோனா வந்தபோது கனடா அரசு, 12 பேருக்கு மேல் ஏற்றிப் போகும் பயணிகள் கப்பல் எதுவும் ஆர்க்டிக் கரைகளுக்குப் போகக் கூடாது என்று தடை போட்டது. அந்தப் பட்டியலில் லாப்ரடார் கரையும் உண்டு. 2020, 2021 இரண்டு கோடையும் சுற்றுலாக் கப்பல் வரவில்லை. வருமானம் போனது. ஆனால் 1918ல் யாரும் மூடாத கதவை இந்த முறை நேரத்துக்கு மூடினார்கள்.

நண்பருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: "தாராளமா போயிட்டு வாங்க. கிளம்பும் முன்னாடி ப்ளூ ஊசி போட்டுக்கோங்க. காய்ச்சல் இருந்தா, கட்டின காசு போனாலும் பரவாயில்லை, கப்பல் ஏறாதீங்க."

ஹஜ் போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஊசி, ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி என்றால் பலர் அதை ஏதோ பேப்பர் வேலையாக நினைக்கிறார்கள். அது உங்களைக் காப்பாற்ற மட்டும் போடும் ஊசி இல்லைங்க. நீங்கள் போய் இறங்கும் ஊரில் உங்களை வரவேற்கக் கரைக்கு ஓடி வரும் மனிதர்களுக்காகவும், திரும்பி வரும்போது வாசலில் காத்திருக்கும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காகவும்தான்.

ஆபிரகாம் ஊரை விட்டுக் கிளம்பியது 1880ல். பெரியம்மை உலகத்தில் இருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனத்தின் மாநாடு அறிவித்தது 1980ல். நடுவே நூறு வருஷம். ஒழித்தது அதே தடுப்பூசிதான், நேரத்துக்குப் போட்டதால்.

பயணம் கிளம்பும் யாருக்காவது பயன்படும் என்றால் பகிருங்கள்.