மன்னார்க் கடலைக் கணக்கிட்ட கணினிகள்

மன்னார்த் தீவின் இருபுறமும் உள்ள கடல்கள் ஒன்றுக்கொன்று மாறானவை. வடக்கே பாக்குக்குடா. அதன் பெரும்பகுதியில் ஆழம் 15 மீற்றரை எட்டுவதில்லை. தெற்கே மன்னார் வளைகுடா. கரையை விட்டு விலகினால் அது 1000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் இடையில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை, இராமர் பாலத்தின் மணல் தீடைகள் கிடக்கின்றன. சூறாவளி நீரைத் தள்ளும்போது, ஆழம் குறையக் குறைய நீர் உயர்ந்து குவியும். அந்தக் கடலேற்றத்தை முன்கூட்டிக் கணிப்பதற்கு இதைவிடக் கடினமான கடல்கள் அதிகமில்லை.

1964 டிசம்பரில் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே உருவான சூறாவளி ஒன்று இலங்கையின் வடபகுதியைக் கடந்து, வவுனியா வழியாகப் பாக்குக்குடாவில் இறங்கியது. டிசம்பர் 22 இரவு எழுந்த கடல், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அடித்துச் சென்றது. தனுஷ்கோடி அழிந்தது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல் சேவை அந்த வழியில் முடிந்துபோனது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்தே கப்பல் வந்தது. நீர் எந்தக் கரையில் எவ்வளவு உயரும் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடிய கணக்குமுறை அன்று இந்தக் கடலுக்கு இருக்கவில்லை.

கணக்கின் அடிப்படை புதியதல்ல. வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடலாம் என்று லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1922இல் எழுதினார். அதற்கு 64,000 மனிதக் கணக்கர்கள் தேவைப்படுவர் என்றும் கற்பனை செய்தார். 1950இல் எனியாக் கணினி அதைச் செய்தது. ஆனால் 24 மணிநேர வானிலையைக் கணிக்க அதற்கும் ஏறக்குறைய 24 மணிநேரம் தேவைப்பட்டது. வங்காள விரிகுடாவை இந்தத் துறைக்குள் கொண்டுவந்தது 1970ஆம் ஆண்டின் போலா சூறாவளிப் பேரழிவு. வானிலை ஆய்வாளர் பி. கே. தாஸ் 1972இல் வங்காள விரிகுடாவின் கடலேற்றத்துக்கான கணித மாதிரியொன்றை வெளியிட்டார். அதன் பின் டெல்லி ஐஐடியில் எஸ். கே. துபே, ஏ. டி. ராவ் முதலியோர் இந்தியாவின் கிழக்குக் கரைக்கும் இலங்கைக்குமான மாதிரிகளை வளர்த்தனர். 1964ஆம் ஆண்டின் சூறாவளியும் அவற்றில் மறுபடி கணக்கிட்டுப் பார்க்கப்பட்டது. கரையில் நின்றவர்கள் கண்ணால் கண்டதை எண்கள் திரும்பச் சொல்கின்றனவா என்ற சோதனையே அது.

பெரிய கணினி ஏன் தேவை என்பதற்கு மன்னாரே நல்ல விளக்கம். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். ஒவ்வொரு படியிலும் முன்னேறும் நேரத்தையும் பாதியாக்க வேண்டும். ஆகவே வேலை எட்டு மடங்கு. தீடைகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய வாய்க்கால்களோ மிகச் சிறிய கட்டங்களில்தான் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. 4 மீற்றர் ஆழத்தில் நெடிய அலை விநாடிக்கு சுமார் 6 மீற்றர் செல்லும். 1000 மீற்றர் ஆழத்தில் 100 மீற்றர் வரை செல்லும். ஆழ்கடலிலும் நுண்ணிய கட்டங்களை இட்டால் அந்த வேகம் நேரப்படியை மிகமிகச் சிறிதாக்கிவிடும். இதனால்தான் கரையில் நெருக்கமாகவும் ஆழ்கடலில் அகலமாகவும் விரியும் முக்கோண வலைகள் வந்தன. நோட்ரடாம், வட கரோலினா பல்கலைக்கழகங்களில் வெஸ்டரிங்க், லூட்டிச் ஆகியோர் உருவாக்கிய ஆட்சர்க் மாதிரி இந்த வகையைச் சேர்ந்தது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடலேற்ற எச்சரிக்கைக்கு இதைப் பயன்படுத்துகிறது.

இந்தியாவில் வானிலைக்கென்று க்ரே மீக்கணினி 1980களின் இறுதியில் டெல்லிக்கு வந்தது. அமெரிக்கா அதைவிட ஆற்றல்மிக்கதைத் தர மறுத்ததால் 1988இல் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1991இல் பரம் 8000 மீக்கணினி பிறந்தது. இன்று பல்கலைக்கழகங்களிலுள்ள இத்தகைய மீக்கணினிகளில் ஆய்வாளர் யாரும் தனியே இயந்திரத்தை ஆள்வதில்லை. நுழைவாயிலாக உள்ள முன்கணினியில் நுழைந்து, எத்தனை செயலிக் கருக்கள், எவ்வளவு நினைவகம், எத்தனை மணிநேரம் என்று எழுதி வேலையை வரிசையில் விடுகிறார். கடல் பல துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு கருவும் தன் துண்டைக் கணக்கிட்டு, ஒவ்வொரு படியிலும் எல்லையிலுள்ள எண்களை அண்டைக் கருக்களுடன் பகிர்கிறது. துண்டுகள் மிகச் சிறிதானால் கணக்கைவிடப் பரிமாற்றமே நேரத்தைத் தின்றுவிடும்.

2020 டிசம்பரில் புரெவி சூறாவளி ஏறக்குறைய 1964ஆம் ஆண்டின் பாதையிலேயே வந்தது. திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, டிசம்பர் 3 அன்று மன்னார் அருகே வளைகுடாவில் இறங்கியது. இம்முறை எச்சரிக்கை நாட்கள் முன்பே வந்தது, மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1964உடன் ஒப்பிட்டால் இது பெரும் வெற்றி, புரெவி வலுக்குறைந்த சூறாவளி என்பதையும் மறக்காமல் சொன்னாலும். ஆனால் அடுத்ததாகத் தமிழகக் கரையைக் கடக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அது, இராமநாதபுரம் அருகே கடலிலேயே நின்று வலுவிழந்தது.

கணினியின் வேகத்தால் மட்டும் தீராத குறை ஒன்று இங்கே எஞ்சுகிறது. பருவக்காற்று மாறும்தோறும் தீடைகள் இடம் மாறுகின்றன. பழைய ஆழ அளவைக் கொண்டு ஓடும் கணக்கு பழைய கடலையே கணக்கிடும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள ஆழத்தை இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, குறித்த இடைவெளியில் அளந்து, பொதுவில் வைக்க வேண்டும். 1964இல் சூறாவளி கடந்த வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அந்தப் பணியை அங்கிருந்தே தொடங்கலாம்.